அவன் சொன்னதில் பாதி உண்மை

(ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காண்ட்ராக்ட் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கூலி, பி.எஃப்., கேண்டீன், பஸ் என்று நாம் எப்போதும் பேசுகிற விஷயம்தான். இன்றைக்கு அதையே வேறொரு பக்கத்திலிருந்து பேசலாம் என்று வந்திருக்கிறேன். இயக்கத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று எத்தனையோ பேசியிருக்கிறேன். இந்த விஷயத்தை மட்டும் ஒரு மேடையிலும் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்தால் என் வீட்டிலேயே ஒரு பிள்ளை பதினாலு மாசம் வீணாகக் கஷ்டப்பட்டான்.

என் சின்னம்மா மகன். பேர் சொல்லவில்லை. 'நீ போயி சொல்லுண்ணா, பேர் மட்டும் வாணாம்' என்று அவன் அனுமதி கொடுத்த பிறகுதான் பேசுகிறேன்.

எங்களுக்கு மதுராந்தகம் பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு, இருபது வயதில் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு ட்ரெய்னி என்று வந்தான். காண்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்த ரூமில் ஏழு பேர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். வந்த மூன்றாவது நாளே ரூமில் கேட்டிருக்கிறார்கள்: 'எந்த ஊரு? ஊரா, காலனியா?' இந்தக் கேள்விக்கு அர்த்தம் இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து தண்ணி கேன் பக்கம் அவன் டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் சாதித் தலைவர் படமும் அருவா படமும் வந்தது. அவன் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆறு ஏழு மாசம் கழித்து ஒருநாள் என்னைப் பார்க்க வந்தான். மெலிந்திருந்தான். 'ண்ணா, அவனுங்க என்னியப் பத்தியே பேசிக்கினு இருக்கானுங்க' என்றான். நான் கொதித்துப்போனேன். உடனே பேப்பர் எடுத்து மனு எழுதினேன், காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். அவன் இன்னும் சில விஷயங்களும் சொன்னான். ராத்திரி தூக்கமே வருவதில்லை என்றான். லைனில் ஆண்டான் மணி அடிக்கும்போது அது தனக்காகத்தான் அடிக்கிறது என்றான். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வருகிறான், ரூமில் பேசுவது பஸ்ஸிலும் கேட்கிறது என்றான். இதெல்லாம் என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. 'தீண்டாமை' என்ற ஒரு சொல் கிடைத்ததும் மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

காண்ட்ராக்டர் அவனை வேறு ரூமுக்கு மாற்றினான். இரண்டு மாசத்தில் 'வேலைக்கு லாயக்கில்ல' என்று நிறுத்திவிட்டான். ஊருக்குப் போனவன் விளக்கை அணைக்க விடவில்லை. குளிக்கவில்லை. யாரோடோ பேசினான். அப்புறம் நமக்குத் தெரிந்த வழிதான்: வேப்பிலை, பூசாரி, தாயத்து, தர்கா. 'ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று பெண் பார்க்கக்கூடக் கிளம்பிவிட்டார்கள். சின்னம்மாவுக்குக் கம்மலும் போச்சு, கடனும் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பதினாலு மாசம் முடிந்திருந்தது.

அங்கே என்ன நடந்தது? டாக்டர் நல்லவர்தான், கூட்டம் நெறிகிறது, ஆளுக்கு அஞ்சு நிமிஷம். இவன் ரூமில் டம்ளரைத் தனியாக வைத்ததைச் சொன்னான், பஸ்ஸில் குரல் கேட்டதையும் சொன்னான். இரண்டையும் ஒரே வரியில் பிரமை என்று எழுதிவிட்டார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது, அதை நான் மறைக்கமாட்டேன். ரெண்டு மாசத்தில் தூங்கினான், சாப்பிட்டான். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டான்: 'ண்ணா, கொரல் போயிடிச்சி. ஆனா அவனுங்க காலனியான்னு கேட்டது நெஜந்தான?'

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அவன் சொன்னதில் பாதி உண்மை, பாதி நோய். நான் நோயைப் பார்க்கவில்லை. டாக்டர் உண்மையைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டான்.

இந்த நோய்க்கு சைக்கோசிஸ் என்று பேர். இது நீடித்துப்போகிற ஒரு வகையைத்தான் மனச்சிதைவு என்கிறோம். இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடக்கிறது என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோர்வை இல்லாமல் போவது, இவை முக்கிய அறிகுறிகள். பெரும்பாலும் பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிறது. அந்த வயது எந்த வயது என்று யோசித்துப் பாருங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்ததும் கம்பெனிக்காரன் பொறுக்கி எடுக்கிற அதே வயது.

இது திடீரென்று ஒரு ராத்திரியில் வருவதும் உண்டு. ஆனால் பலருக்கு மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வருகிறது. அந்தக் காலத்தில் என்ன தெரியும்? வாரக்கணக்கில் தூக்கம் கெடும். சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தவன் ஒதுங்குவான். வேலை, படிப்பு சரியும். குளியல், துணி, சாப்பாட்டில் கவனம் குறையும். சத்தமும் வெளிச்சமும் தாங்காது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. போஸ்டரில், டி.வி.யில், வண்டி ஹாரனில் தனக்கென்று ஏதோ சேதி இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டத்தில் அவனுக்கே சந்தேகம் இருக்கும். 'எனக்குத்தான் இப்படித் தோணுதோ?' என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வி இருக்கும்போதே நாம் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அது போன பிறகு அவனோடு பேசுவது ரொம்பக் கஷ்டம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ஒன்றோ இரண்டோ இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை. தூக்கம் கெட்டவன் எல்லாம் நோயாளி என்றால் ஒரகடம் பூராவும் நோயாளிதான். பார்க்க வேண்டியது மாற்றத்தை. போன வருஷம் இருந்த ஆளும் இன்றைக்கு இருக்கிற ஆளும் ஒன்றா? மாற்றம் வாரம் வாரம் கூடிக்கொண்டு போகிறதா? அதை எந்த மிஷினாலும் கண்டுபிடிக்க முடியாது. கூடப் படுத்து எழுந்திருக்கிறவன்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 1990களின் நடுவில் இப்படி ஆபத்து நிலையில் இருக்கிற இளைஞர்களுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் செய்தார்கள். அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: மருத்துவர்களே கவனமாகப் பரிசோதித்து 'ஆபத்து நிலை' என்று சொன்னவர்களில், மூன்று வருஷத்துக்குள் முழு நோய் வருவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். மீதி மூன்று பேருக்கு வரவில்லை. அவர்களில் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம் என்று வேறு கஷ்டங்கள் இருக்கின்றன, உதவி தேவைப்படுகிறது. ஆனால் சைக்கோசிஸ் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டத்தில் மட்டும் இருப்பவருக்கு சைக்கோசிஸ் மாத்திரை கொடுக்க வேண்டாம், பேச்சுவழிச் சிகிச்சையும் குடும்பத்துக்குத் துணையும் கொடுங்கள் என்று இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. முழு நோய் வந்துவிட்டால் கதை வேறு. அப்போது மருந்து வேண்டும். மருந்தை எதிர்ப்பதில் ஒரு புரட்சியும் இல்லை.

சீக்கிரம் பார்ப்பதால் என்ன லாபம்? நோய் தொடங்கி மருந்து கிடைக்கும்வரை போகிற காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. இடையில் வேலை போகிறது, படிப்பு போகிறது, சிநேகிதர்கள் போகிறார்கள், கடன் ஏறுகிறது. நார்வே நாட்டில் ரொகலாண்ட் என்ற பகுதியில் 1997இல் ஒரு காரியம் செய்தார்கள். பேப்பரில் விளம்பரம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேச்சு. யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், குழு உடனே வந்து பார்க்கும். வழக்கமாகப் பதினாறு வாரம் ஆகிற இடத்தில் ஐந்து வாரத்தில் சிகிச்சை தொடங்கியது. பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி அப்படியே இருந்தது, டாக்டர் இருந்தார். ஆனாலும் காலம் மறுபடியும் பதினைந்து வாரமாக ஏறிவிட்டது. இதில் நமக்கு என்ன பாடம்? கட்டடத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது, வாய் வேண்டும். நம் இயக்கத்துக்கு வாய் இருக்கிறது. தெருமுனைக் கூட்டம், சுவரொட்டி, இரவுப் பள்ளி இவை எல்லாம் நமக்குப் புதிதா?

வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சாரதா மேனன் அம்மா 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவுக்கென்றே வேலை செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் முதல்முறை நோய் வந்த தொண்ணூறு பேரைச் சேர்த்து அவர்களை இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது பெரும்பாலோருக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. கல்யாணம், வேலை, குடும்பம் என்று வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சினிமாவில் காட்டிச் சிரிக்கிறானே, அது பொய் என்று நம்ம ஊர்க் கணக்கே சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, நம் காஞ்சிபுரம் மாவட்டம் என்று மூன்று இடத்தில் ஓர் ஆய்வு நடந்து 2014இல் வெளிவந்தது. மொத்தம் 282 பேர். அதில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு தேடிப்போய் மாத்திரை, வேலை, குடும்பம், அவமானம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போனவர்களைவிட இவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். அந்த உள்ளூர் ஆட்கள் டாக்டர்கள் இல்லை. உங்களை மாதிரி பன்னிரண்டாவது, டிகிரி படித்த பிள்ளைகளால் முடிகிற வேலை அது.

சரி, இது ஏன் தலித் பிரச்சினை? நோய் எல்லாச் சாதிக்கும் வருகிறதே என்று சிலர் கேட்பார்கள்.

இங்கிலாந்தில் லண்டன், நாட்டிங்காம், பிரிஸ்டல் என்று மூன்று நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களிடம், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளிடமும், மனச்சிதைவு வெள்ளைக்காரர்களைவிட ஒன்பது மடங்கு இருந்தது. ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், ஜமைக்கா, டிரினிடாட் என்று அவர்கள் சொந்தத் தீவுகளில் 1990களில் எடுத்த கணக்கில் அப்படி உயர்வு இல்லை. அப்படியானால் காரணம் போன இடத்தில் இருக்கிறது. வேற்றாள் என்று பார்க்கப்படுவது, ஒதுக்கப்படுவது, தன் சனம் பக்கத்தில் இல்லாமல் தனித்திருப்பது இவையெல்லாம் மனத்தை உடைக்கின்றன என்று இப்போது ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். சின்ன வயதில் பட்ட அடியும் உதையும், கஞ்சாவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஒரே காரணம் என்று எதுவும் இல்லை.

இப்போது நம் இடத்தைப் பாருங்கள். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, எட்டே வருஷத்தில், 2014 நவம்பரில், மூடிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்தது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைச் சேரிகளிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தன் தெரு இல்லை, தன் ஆள் இல்லை, தூக்கத்துக்கு நேரம் இல்லை. ஷிஃப்ட் மாறுகிற வாரமெல்லாம் உடம்புக் கடிகாரம் உடைகிறது. போதாக்குறைக்கு ஊரா காலனியா என்ற கேள்வி. ஆபத்தைக் கூட்டுகிற சரக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவைத்த மாதிரி இல்லையா இது? சாதிவாரியாக இந்த நோயின் கணக்கை எடு என்று நாம்தான் கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் நிறவாரியாக எடுத்தான், இங்கே சாதி என்று கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மனநோய் என்ற சொல்லை ஆதிக்கக்காரன் எப்படிப் பயன்படுத்தினான் என்பதை மறக்கக் கூடாது. 1851இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற வெள்ளை டாக்டர், எஜமானிடமிருந்து அடிமை தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதினார், அதற்கு ஒரு பேரும் வைத்தார். 1960களிலும் 70களிலும் மிஷிகன் மாநிலத்தின் ஐயோனியா மனநல மருத்துவமனையில் கறுப்பின ஆண்களுக்கு மனச்சிதைவு முத்திரை எப்படி அள்ளிக் குத்தப்பட்டது என்று ஜோனதன் மெட்சல் என்ற மனநல மருத்துவர் 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். எதிர்த்துப் பேசுகிறவனுக்கு 'சந்தேக நோய்' என்று முத்திரை குத்துவது சுலபம். நாளைக்கு ஒரு மேனேஜர் சங்கம் கேட்கிற பையனைப் பார்த்து 'அவனுக்கு மெண்டல் ப்ராப்ளம்' என்று சொல்லலாம். 'ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிறோம்' என்று கம்பெனியே வந்து நின்றால் நான் பயப்படுவேன். கண்டுபிடித்துக் கேட்டுக்கு வெளியே அனுப்பத்தான் அது பயன்படும். அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலை சிநேகிதன் கையில், சங்கத்தின் கையில், அரசு ஆஸ்பத்திரியின் கையில் இருக்க வேண்டும். ஹெச்.ஆர். கையில் இருக்கக் கூடாது.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'எதையோ மறைக்கிறார்கள்' என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். செத்துப்போனதாக வந்த பேச்சு உண்மையில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் நோயா? இல்லை. வாயைத் திறக்காத இடத்தில் சந்தேகம் நியாயம். நம் பிள்ளைகள் 'என்னைக் கண்காணிக்கிறார்கள்' என்று சொன்னால், கேமரா நிஜமாகவே தலைக்கு மேல் இருக்கிறது.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பிரிக்க அவசரப்படாதீர்கள். 'யார் சொன்னாங்க, எங்க சொன்னாங்க, கூட யார் இருந்தாங்க?' என்று பொறுமையாகக் கேளுங்கள். டம்ளரைத் தனியாக வைத்ததைக் கூட இருந்தவன் பார்த்திருப்பான், அதற்கு இடமும் நாளும் ஆளும் உண்டு. நோய் பரவிக்கொண்டே போகும்: ரூமில் இருந்தது பஸ்ஸுக்கு வரும், பஸ்ஸிலிருந்து டி.வி.க்கு வரும், கடைசியில் முன்பின் தெரியாதவனும் அதில் சேர்ந்துகொள்வான். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது. சாதிக் கொடுமைக்குப் புகார் எழுதுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதலாவதை மட்டும் செய்தேன். நீங்கள் இரண்டையும் செய்யுங்கள்.

பக்கத்தில் உட்காரும்போது என்ன செய்வது? 'அதெல்லாம் ஒண்ணுமில்லடா' என்று அடித்துப் பேசாதீர்கள். 'ஆமா, எனக்கும் கேக்குது' என்று பொய்யும் சொல்லாதீர்கள். 'எனக்குக் கேக்கல, ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்கும்ல?' என்று சொன்னால் போதும். தூக்கத்தைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து. தோணுது என்று சொன்னால் அவனைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கஞ்சா, தண்ணி இருந்தால் திட்டாமல் நிறுத்த உதவுங்கள். நைட் ஷிஃப்டிலிருந்து மாற்றிக் கேளுங்கள். அவனுக்கு நம்பிக்கையான ஒரே ஒரு ஆள் போதும், பத்து பேர் போய்ச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு 'பேய் பிடிச்சிருக்கு' என்று சொல்லி மூடுவது இன்னும் சுலபம், அதனால் விடுதித் தங்கச்சிகள் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டும். இந்தி பேசுகிற தம்பிக்கும் இதையே செய்யுங்கள், அவனுக்கு இங்கே சொல்லி அழக்கூட ஆள் இல்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிற குடும்பத்தோடு சண்டை போட வேண்டாம். போகட்டும். ஆனால் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட விடாதீர்கள், சங்கிலி போட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் செத்தவர்கள் உட்பட 28 பேரை இழந்தோம்.

எங்கே போவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று விசாரித்து நம் தெருப் பலகையில் எழுதிவையுங்கள். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் 2022 முதல் இருக்கிறது, காசில்லை, தமிழில் பேசலாம்.

சட்டமும் நம் கையில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவை மாணவர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய சமூக நிலையையோ, அரசியல் நிலையையோ, சமூகத்தின் மதிப்பீடுகளுக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதையோ வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. சங்கிலி போடுவதை 95ஆவது பிரிவு தடை செய்கிறது.

ஈ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் சைக்கோசிஸ் வகை நோய்களும் இருக்கின்றன. கூலியில் 80 விழுக்காட்டை இரண்டு வருஷம்வரை வாங்கலாம். ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. காண்ட்ராக்டர் பதினோராவது மாசம் பேரை வெட்டி எடுப்பதன் அர்த்தம் இப்போது புரிகிறதா? உடம்பு உடைகிறவரை உழைப்பு அவனுக்கு, உடைந்த பிறகு பாரம் சின்னம்மாவுக்கு. கூலிப் பிரச்சினை வேறு, மனநலம் வேறு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகளில் இவற்றையும் சேர்க்கச் சொல்கிறேன். வாரா வாரம் ஷிஃப்ட் மாற்றுவதை நிறுத்து. மருத்துவர் சொன்னால் இரவு வேலையிலிருந்து விலக்கு, அதற்காக வேலையைப் பறிக்காதே. ஞாயிற்றுக்கிழமை மனநலப் பிரிவைத் திற, தொழிலாளிக்கு வேறு எந்த நாள் ஓய்வு? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண்களுக்கு விடுதி திறந்தார்களே, அங்கே மனநல ஆலோசகர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் பதில் சொல். அதே வருஷம் செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாசத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கம் என்ற உரிமைக்காக. அந்தச் சங்கத்துக்குள் ஒரு பெஞ்ச், 'தூக்கம் வரல தோழர்' என்று ஒருவன் வந்து உட்காருகிற மாதிரி ஒரு பெஞ்ச் வேண்டும்.

என் தம்பி இப்போது ஊரில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான். பகல் வேலை மட்டும். மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டரோடு அவனே பேசுகிறான். இடையில் ஒரு தடவை தூக்கம் கெட்டது, இந்த முறை மூன்றாவது நாளே போன் பண்ணிவிட்டான். இப்போது பார்க்கிற டாக்டர் வேறொருவர், ஒரு அம்மா. அவரிடம் நானும் போய் அந்த டம்ளர் கதையைச் சாட்சி மாதிரி சொன்னேன். அவர் ஃபைலில் எழுதினார்: 'சாதிப் பாகுபாடு நடந்தது உண்மை.' ஒரு வரிதான். வெளியே வந்ததும் அதைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டான்.

இன்றைக்குச் சாயங்காலம் ரூமுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கொஞ்ச நாளாகப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஒருத்தன் ஞாபகம் வருகிறதா? 'ராத்திரி தூங்குனியாடா?' என்று கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கிறவரை உட்காருங்கள்.